அம்பரப்பர் மலையும் அகன்ற வானமும்

வானத்தைப் பார்த்துப் பாடாத மொழி உலகில் இல்லை. வானத்தைப் பார்த்து அஞ்சாத மக்களும் தொடக்கத்தில் இருந்ததில்லை. பாட்டும் அச்சமும் ஒரே வானத்தின் கீழே பிறந்த இரட்டைப் பிள்ளைகள். பாட்டை வளர்த்து அச்சத்தை விரட்டிய மக்கள் முன்னேறினர். அச்சத்தை வளர்த்துப் பாட்டை அதற்கு ஏவலாளாக்கிய மக்கள், அண்ணாந்து பார்த்தபடியே குழியில் விழுந்தனர். தமிழ்க்கலை இவ்விரண்டில் எதைச் செய்தது? இன்று எதைச் செய்கிறது? இந்தக் கணக்கைத்தான் இங்கே பார்க்க எண்ணுகிறோம்.

கணக்குப் பார்க்கக் காரணம் உண்டு. 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட்டு 23ஆம் நாள் நிலவின் தென் துருவத்துக்கு அருகே சந்திரயான் 3 கலம் மெல்ல இறங்கிற்று. அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துப் பிள்ளை. 2008ஆம் ஆண்டு நிலவைச் சுற்றிவந்த முதற் கலத்தின் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். ஞாயிற்றை ஆராய 2023 செப்டம்பர் 2ஆம் நாள் புறப்பட்ட ஆதித்யா எல் 1 திட்டத்தை நடத்தியவர் செங்கோட்டையின் மகள் நிகர் ஷாஜி. நிலவில் கலம் இறங்கிப் பழக, நிலவின் மண்ணைப் போன்ற மண் வேண்டும் என்றபோது அது எங்கே கிடைத்தது தெரியுமா? நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பக்கத்துப் பாறையில் கிடைத்தது. தமிழ்நாட்டுப் பாறையைப் பொடியாக்கிப் பரப்பி, அதன் மீது ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் நிலவுக்குப் போனார்கள்.

மண்ணும் நம்முடையது, மக்களும் நம்மவர். ஆனால் நம் பாட்டிலும் கதையிலும் திரையிலும் உலவும் நிலவு மட்டும் இன்னும் பெண்ணின் முகமாகவே இருக்கிறதே, ஏன்? இந்தக் கேள்வியைச் சென்னையில் நின்று கேட்பதைவிடப் போடிநாயக்கனூரில் நின்று கேட்பது பொருத்தம் என்று கருதுகிறோம். ஏலக்காய் ஏலம் நடக்கும் அந்த ஊருக்கு மேற்கே எழுந்து நிற்கும் மலைச்சாரலில்தான், வானத்தைப் பற்றிய தமிழரின் வழக்குகள் யாவும் ஒன்று சேர்ந்திருக்கின்றன.

பழம்பாட்டின் வானம்

முதலில் முன்னோர் வைத்துச் சென்ற முதலைப் பார்ப்போம். சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 30ஆம் பாட்டில் ஒரு செய்தி உண்டு. ஞாயிறு செல்லும் வழி, அதன் இயக்கம், அது சூழ்ந்த வட்டம், காற்று இயங்கும் திசை, தாங்குவாரின்றி வெறுமையாய் நிற்கும் வெளி ஆகிய இவற்றையெல்லாம் நேரே போய் அளந்துவிட்டு வந்தவர்களைப் போலச் சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள் என்கிறார் புலவர். அளந்தறியக் கூடியது வானம் என்ற எண்ணமே பெரிய எண்ணம். அளப்பவனை ஏளனம் செய்யாமல், அவனுடைய அளவையைத் தம் பாட்டுக்குள் கொண்டுவந்து, மன்னனின் மனத்தை மட்டும் அளக்க முடியவில்லை என்று புகழ்கிறார். அறிவியல் அங்கே கவிதைக்கு ஏணியாக நிற்கிறது.

அதே தொகை நூலின் 229ஆம் பாட்டைப் பாருங்கள். கூடலூர் கிழார் பாடியது. விண்மீன்கள் நின்ற நிலையெல்லாம் நுணுக்கமாகச் சொல்லப்படுகிறது. ஒரு மீன் எரிந்து விழுகிறது. அரசனுக்கு என்ன நேருமோ என்று மக்கள் கலங்குகிறார்கள். ஏழாம் நாள் சேரமன்னன் மாய்கிறான். பாட்டின் துயரம் நம்மையும் தொடுகிறது. கண்ணால் கண்டதைத் திருத்தமாகக் குறித்து வைத்த புலவரின் பார்வைக்குத் தலைவணங்குகிறோம். ஆனால் மீன் விழுந்ததற்கும் மன்னன் மாண்டதற்கும் முடிச்சுப் போட்ட அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வந்தவர்கள் பெரிய வலையையே பின்னிவிட்டார்கள். அந்த வலையின் பெயர் பஞ்சாங்கம். 1781இல் கண்டுபிடிக்கப்பட்ட யுரேனசுக்கும் 1846இல் கண்டுபிடிக்கப்பட்ட நெப்டியூனுக்கும் அந்த ஒன்பதில் இடமில்லை. நிலவின் பாதையும் ஞாயிற்றின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளோ, இராகு என்றும் கேது என்றும் பெயர் பெற்றுக் கோளாகவே கொலுவிருக்கின்றன. இருப்பதற்கு இடமில்லை, இல்லாததற்கு இருக்கை! நம் வீட்டுப் பெண்ணின் திருமணத்தை நிறுத்தும் அதிகாரம், இல்லாத அந்தப் புள்ளிகளுக்குத் தரப்பட்டது.

மூன்றாவதாக ஒன்றையும் சொல்லவேண்டும். பட்டினப்பாலையின் தொடக்கம் நம் இளைஞர்கள் நெஞ்சில் பதிக்கவேண்டிய இடம். வெள்ளிக்கோள் தெற்கே போனால் மழை பொய்க்கும் என்பது அக்கால நம்பிக்கை. உருத்திரங்கண்ணனார் அதை மறுத்துச் சண்டையிடவில்லை. வெள்ளி திசைமாறிப் போனாலும் போகட்டும், மலையில் பிறந்து வரும் காவிரி பொய்க்காது என்று சொல்லிவிட்டு மேலே செல்கிறார். வானத்துக் குறியைவிட மலைநீர் பெரிது, அந்நீரைக் கொண்டு உழைக்கும் கை பெரிது என்பது அதன் உட்பொருள். மலைநீர் பெரிது என்ற இந்தச் சொல்லை மனத்தில் வைத்திருங்கள். போடி மலைக்குப் போகும்போது அது மீண்டும் தேவைப்படும்.

ஆக, பழம்பாட்டில் வானம் மூன்று வடிவில் நிற்கிறது. அளக்கத்தக்க பொருளாக ஒன்று, அஞ்சத்தக்க குறியாக ஒன்று, மனித முயற்சிக்கு முன் இரண்டாமிடம் பெறும் பின்னணியாக ஒன்று. இம்மூன்றில் நடுவிலுள்ளதை மட்டும் நாடு நெடுங்காலம் சுமந்தது. மற்ற இரண்டும் ஏட்டிலே உறங்கின.

நிலவும் சோறும்

உறக்கத்தைக் கலைத்தவர் பாவேந்தர் பாரதிதாசன். 1937இல் வெளிவந்த ‘புரட்சிக்கவி’யில் நிலவைப் பாடுகிறான் உதாரன் என்னும் கவிஞன். திரைக்கு அப்பால் இருக்கும் இளவரசி கேட்கிறாள். காதற் கதைக்கு ஏற்ற இடம், நிலவும் ஏற்ற நேரத்தில் வந்திருக்கிறது. பழைய வழக்கப்படி முகம் என்று பாடி முடித்திருக்கலாம். ஆனால் கவிஞன் வேறோர் உவமையைக் கொண்டுவருகிறான். நாளெல்லாம் உழைத்தும் பயன் காணாமல் பசியோடு கூழ் தேடும் ஏழைக்குப் பானை நிறைய வெண்சோறு தென்பட்டால் எவ்வளவு இன்பமோ, அவ்வளவு இன்பம் நிலவைக் காண்பதில் என்கிறான். அரண்மனைக்குள் நின்றுகொண்டு பசித்தவனின் பானையை நினைக்கிறது அந்தப் பாட்டு. காதலி மயங்கியது அழகுக்காக என்பார்கள். அந்த அழகில் உப்புப் போல் கலந்திருப்பது நீதி என்பது நம் கருத்து.

1944இல் வந்த ‘அழகின் சிரிப்பு’ இதற்கும் ஒருபடி மேலே செல்கிறது. வானைப் பாடும் பகுதியில், உழைப்பவர் வறியராய் இருப்பதையும், உரிமை கேட்டால் செல்வர் அவர்கள் புண்ணிலேயே அம்பு எய்வதையும் பகலெல்லாம் பார்த்துப் பார்த்து, இரவானதும் வானத்தின் உடம்பெல்லாம் கொப்புளித்துவிட்டது, அக்கொப்புளங்களே விண்மீன்கள் என்கிறார். விண்மீனை வைரம் என்றவர் உண்டு, மலர் என்றவர் உண்டு, தேவர்களின் கண் என்றவரும் உண்டு. கொப்புளம் என்றவர் பாவேந்தர். விண்மீன் என்பது எரியும் வாயுக் கோளம் என்ற அறிவியலோடு இது ஒட்டுமா என்று கேட்பவர் இருக்கலாம். ஒட்டவேண்டியதில்லை. கவிதை வானத்தைப் பற்றிப் பொய்த்தகவல் தரவில்லை, மண்ணைப் பற்றி மெய் சொல்ல வானத்தைச் சாட்சிக்கு அழைக்கிறது. பஞ்சாங்கக்காரனும் வானத்தை மண்ணோடு முடிச்சுப் போடுகிறான். ஆனால் அவன் முடிச்சு, நடப்பது உன் கையில் இல்லை என்று சொல்லி மனிதனை முடக்குகிறது. பாவேந்தர் முடிச்சு, நடப்பது சரியில்லை, மாற்று என்று எழுப்புகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே நாம் கலையை அளக்கும் கோல்.

திரையில் வந்த வேற்றுலகம்

அக்கோலைக் கையிலெடுத்துக்கொண்டு திரைக்குப் போவோம். 1963இல் ‘கலை அரசி’ வந்தது. புரட்சி நடிகர் உழவனாக நடித்த படம். வேற்றுலகத்தான் ஒருவன் பறக்கும் கலத்தில் இறங்கி, பாட்டிலும் ஆட்டத்திலும் வல்ல பெண்ணைத் தன் உலகுக்குத் தூக்கிச் செல்கிறான். ஏன்? விண்ணில் பறக்கத் தெரிந்த அந்த உலகத்துக்குப் பாடத் தெரியவில்லை. கருவி இருக்கிறது, கலை இல்லை. அங்கே போய் அவளை மீட்பவன் அரசகுமாரன் அல்லன், ஏர்பிடித்த உழவன். காட்சியமைப்பு இன்றைய கண்ணுக்கு விளையாட்டாகத் தோன்றலாம். கருத்தைப் பாருங்கள்: எவ்வளவு உயரப் பறந்தாலும், பாட்டுக்கு மண்ணிடம்தான் வந்து நிற்கவேண்டும். அதே 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள்தான் தும்பாக் கடற்கரையிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் எழும்பியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தமிழ்த்திரை காலத்தோடு நடந்தது என்று பெருமை கொள்ளலாம்.

பிறகு நெடுங்காலம் நிலவு மீண்டும் காதலர் பாட்டுக்குப் பின்னால் தொங்கும் விளக்காயிற்று. 2018இல் ‘டிக் டிக் டிக்’ வந்தது. வானிலிருந்து பாறை விழப்போகிறது, தமிழ்நாடு அழியப்போகிறது, அதைத் தகர்க்க வேறொரு நாட்டின் விண்நிலையத்திலுள்ள அணு ஆயுதத்தைக் கவரவேண்டும் என்பது கதை. உழைப்புக்குப் பாராட்டு உண்டு. ஆயினும் வானம் இங்கே மீண்டும் அச்சமாகிவிட்டது. எரிமீன் விழுந்தால் அரசன் மாள்வான் என்ற பழைய நடுக்கமே விண்வெளி உடை அணிந்துகொண்டு வந்திருக்கிறது. ஊர் ஏன் காக்கப்படவேண்டும், அவ்வூரில் யார் யார் எப்படி வாழ்கிறார்கள் என்ற எண்ணத்துக்குப் படத்தில் இடம் போதவில்லை.

2024 பொங்கலுக்கு ‘அயலான்’ வந்தது. இங்கும் உழவன், இங்கும் வேற்றுலகத்தான். ஆனால் 1963இன் வேற்றுலகத்தான் நம்மிடம் கலையைக் கவர வந்தான். 2024இன் வேற்றுலகத்தானோ, நிலத்தின் வயிற்றைக் குடைந்து பணமாக்க நினைக்கும் பெருமுதலாளியிடமிருந்து நம் மண்ணைக் காக்க வருகிறான். 61 ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் இது. அன்று நம்மிடம் இருப்பதைக் கொடுக்கும் பெருமிதம். இன்று நம்மிடம் இருப்பதைக் காக்க வெளியாள் வரவேண்டும் என்ற களைப்பு. சிறுவர் சிரித்து மகிழ ஏற்ற படம்தான். ஆனாலும் கேட்கிறோம்: நிலத்தைக் காக்க வேற்றுலகத்திலிருந்தா ஆள் வரவேண்டும்? உழவனும் அவன் தோழனும் ஒன்று சேர்ந்தால் போதாதா?

சாரலின் உண்மை முகம்

போதுமா போதாதா என்பதை ஏலமலைச் சாரலில் எடுக்கப்பட்ட ஒரு படம் காட்டிற்று. லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. 2018இல் வந்தது. விண்கலம் இல்லை, வேற்றுலகத்தான் இல்லை. ரங்கசாமி என்னும் சுமைதூக்கி ஏலக்காய் மூட்டையைத் தோளில் ஏற்றி மலையிறங்குகிறான். காணி நிலம் வாங்கவேண்டும் என்பது அவன் கனவு. சேர்த்த காசில் வாங்கிய ஏலக்காய் மூட்டை சரிவில் உருண்டு சிதறுகிறது. ஒருவாறு நிலமும் வருகிறது, வந்த நிலம் போகவும் போகிறது. இறுதியில் அந்த நிலத்திலேயே காற்றாலை நிற்கிறது. அதற்குக் காவலாளியாக ரங்கசாமி நிற்கிறான்.

வானத்தைப் பற்றிய கட்டுரையில் இந்தப் படத்துக்கு என்ன வேலை என்று வினவுவீர்கள். வேலை இருக்கிறது. காற்று வானத்தின் சொத்து. அதைப் பிடித்து மின்சாரமாக்குவது அறிவியலின் வெற்றி. நாம் அதை வாழ்த்துகிறோம். ஆனால் வானத்தின் வளத்தை அறிவியல் இறக்கிக் கொண்டுவரும்போது அது யார் முற்றத்தில் இறங்குகிறது? அந்த ஒரு கேள்வியை முழக்கமின்றிக் கேட்டுவிட்டதால்தான், தமிழில் வந்த விண்வெளிப் படங்கள் எல்லாவற்றையும்விட இந்தப் படத்தில் வானம் அகலமாகத் தெரிகிறது.

அந்தச் சாரலின் வேலையை அறிந்தவர்களுக்கு இது இன்னும் விளங்கும். ஏலச்செடி நிழலில் வளர்வது. மேலே அடர்ந்த மரங்கள் கூரை போல் கவிந்திருக்கும். காயோ தலைக்கு மேலே தொங்குவதில்லை. செடியின் அடித்தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரங்களில் காய்க்கிறது. ஆகவே காயெடுக்கும் பெண் பகலெல்லாம் குனிந்த தலையோடு மண்ணையே பார்க்கிறாள். நிமிர்ந்தாலும் இலைதான் தெரியும், வானம் தெரியாது. போடியிலிருந்தும் சுற்றூர்களிலிருந்தும் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் மலையேறும் அப்பெண்களுக்கு, நாளில் வானம் என்று கிடைப்பது அந்த விடியற்காலைத் துண்டு ஒன்றுதான். அதிலே சில மாதங்களில் விடிவெள்ளி மின்னும்.

அந்த விடிவெள்ளியைப் பற்றி அவளுக்குச் சொல்லப்பட்டது என்ன? சுக்கிர திசை வந்தால் செல்வம் கொழிக்கும் என்று சொல்லப்பட்டது. கொழித்த செல்வம் யாருடையது என்று மட்டும் சொல்லப்படவில்லை. அறிவியல் சொல்வது என்ன? வெள்ளிக்கோளின் மேற்பரப்பில் வெப்பம் ஏறத்தாழ 460 டிகிரி செல்சியசு. ஞாயிற்றுக்கு நெருக்கமான புதனைவிட அதிகம். காரணம், அதைச் சுற்றிக் கனத்த போர்வையாய்க் கிடக்கும் கரியமில வாயு. வந்த வெப்பத்தை வெளியேவிடாமல் பிடித்துக்கொள்ளும் போர்வை அது. அதே வாயுவைத்தான் நம் உலகின் ஆலைகளும் ஊர்திகளும் கூட்டிக்கொண்டே போகின்றன. குளிர்ச்சியும் ஈரமும் இல்லாவிட்டால் ஏலம் இல்லை. 2024 கோடையின் வெம்மையிலும் வறட்சியிலும் மலையின் மறுபக்கமான இடுக்கி மாவட்டத்தில் ஏலத்தோட்டங்கள் கருகின. தோட்டம் கருகினால் முதலாளிக்கு நட்டம், காயெடுப்பவளுக்குப் பட்டினி. விடிவெள்ளியையும் அவள் கூலியையும் இணைக்கும் கயிறு உண்மையிலேயே இருக்கிறது. அது சோதிடக் கயிறு அல்ல, வேதியியல் கயிறு. பாவேந்தர் வழியில் வந்த கவிஞனுக்கு இதைவிட நல்ல பொருள் வேறு வேண்டுமா?

மலைக்குள் ஒரு செவி

இனி, நாம் தலைப்பிலே வைத்த மலைக்கு வருவோம். போடி மேற்கு மலையில் பொட்டிப்புரம் ஊராட்சியை ஒட்டி நிற்கிறது அம்பரப்பர் மலை. அம்பரம் என்றால் வானம். வானத்தைத் தன் பெயரிலேயே சூடிய அம்மலைக்குள் வானத்தை ஆராயும் கூடம் ஒன்று அமைப்பதென முடிவாயிற்று. நியூட்ரினோ ஆய்வகம் என்பது அதன் பெயர். முதலில் நீலகிரிச் சிங்காராவைத்தான் பார்த்தார்கள். புலிகள் காப்பகத்தை ஒட்டிய இடம் என்பதால் 2009இல் அது மறுக்கப்பட்டது. பிறகு போடிப் பக்கம் வந்தார்கள். ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2015 சனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கம், அதன் முடிவில் குகை, குகைக்குள் 50,000 டன் காந்த இரும்புத் தகடுகளால் ஆன கருவி என்பது வரைபடம்.

நியூட்ரினோ என்பது என்ன? ஞாயிற்றின் உள்ளே அணுக்கள் இணையும்போதும், விண்ணிலிருந்து பாயும் துகள்கள் நம் காற்றுமண்டலத்தில் மோதும்போதும் பிறக்கும் மிக நுண்ணிய துகள். மின்னூட்டம் இல்லை, எதனோடும் எளிதில் உறவாடுவதில்லை. நம் கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி ஞாயிற்று நியூட்ரினோக்கள் நுழைந்து வெளியேறுகின்றன. இதைப் படிக்கும்போதும் நுழைகின்றன, இரவில் உறங்கும்போது நிலவுலகையே ஊடுருவிக் கீழேயிருந்தும் நுழைகின்றன. ஒரு தீங்கும் இல்லை. அவற்றுள் மிகச் சிலவற்றைப் பிடிக்கவேண்டுமானால் மற்றத் துகள்களின் கூச்சலைத் தடுக்கவேண்டும். அதற்கு எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் பாறை வேண்டும். சந்தைக்கு நடுவே மெல்லிய குரலைக் கேட்கக் காதைப் பொத்திக்கொண்டு உள்ளறைக்குப் போவது போல, மலைக்குள் போகிறார்கள். 1987 பிப்ரவரியில் ஏறத்தாழ 1,68,000 ஒளியாண்டுத் தொலைவில் ஒரு விண்மீன் வெடித்த செய்தியை, அதன் ஒளி கண்ணுக்குத் தெரிவதற்குச் சில மணி நேரம் முன்பே, சப்பானியச் சுரங்கத்திலிருந்த கருவி இவ்வாறுதான் கேட்டது. விண்ணை அறிய மண்ணுக்குள் இறங்கவேண்டும் என்பது எவ்வளவு பெரிய கவிதை!

இந்தக் கவிதையின் முதல் வரியை எழுதியதில் தமிழ்க் கைகளுக்குப் பங்கு உண்டு. 1965இல் கோலார் தங்கவயலில், தரைக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடம் முதன்முதலாகப் பதிவாயிற்று. அந்த ஆழத்தைத் தோண்டியவர் யார்? வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் போன ஏழைத் தொழிலாளர், அவருள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்கள். நுரையீரலில் பாறைத்தூளை வாங்கிக்கொண்டு அவர்கள் தோண்டிய குழியின் அடியில் நின்றுதான் அறிவியல் விண்ணைக் கேட்டது. ஆய்வேட்டில் அவர்கள் பெயர் இல்லை. காப்பியத்திலாவது இருக்கவேண்டாமா?

போடிக்குத் திரும்புவோம். இத்திட்டத்தையொட்டி எழுந்த எழுத்துக்களை, இலக்கியத் திறனாய்வுக்கு உரிய பொருளாகவே நாம் பார்க்கிறோம். எதிர்த்து எழுதப்பட்டவற்றுள் இருவகை உண்டு. நியூட்ரினோ பாய்ந்து மக்கள் சாவார்கள், பயிர் எரியும் என்று எழுதியவை ஒருவகை. அவை பொய். பகுத்தறிவு பேசும் இயக்கத்தின் பிள்ளைகள் அப்பொய்யைத் தம் பக்கத்துப் பொய் என்பதற்காகப் பொறுத்துக்கொள்ளல் ஆகாது. சூரிய கிரகணத்தன்று கருவுற்ற பெண்ணை இருட்டறையில் பூட்டிவைக்கும் அச்சத்துக்கும் இதற்கும் உறவு நெருக்கம். 2019 டிசம்பர் 26ஆம் நாள் கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாக வளைய கிரகணம் கடந்தபோது உரிய கண்ணாடி அணிந்து வீதியில் நின்று பார்த்த பிள்ளைகள், இன்னொரு பெயரில் வரும் அதே அச்சத்துக்கு அடிபணியலாமா?

மற்றொரு வகை எழுத்து, மலையைப் பற்றிப் பேசிற்று. மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா அருகே இருக்கிறது, புலிகள் நடமாடும் வழி இருக்கிறது, கொட்டக்குடி ஆறு முதலானவை அம்மலைகளில் பிறந்து வைகைக்குப் போகின்றன, பாறையை வெடிவைத்துத் தகர்த்தால் நீரோட்டம் என்னாகும், மேய்ச்சல் நிலம் என்னாகும் என்று கேட்டது. இது பொய்யன்று. பட்டினப்பாலைப் புலவர் சொன்ன மலைநீரின் பக்கம் நின்று கேட்ட கேள்வி. 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் திட்டத்தின் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்ததும், 2018இல் ஒன்றிய அரசு மீண்டும் அனுமதி தந்ததும், 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்சநீதிமன்றத்தில் அம்மலையில் இத்திட்டத்துக்கு இடம்தர இயலாது என்று உரைத்ததும் இந்தக் கேள்வியின் வரலாறு.

ஆதரித்து எழுதப்பட்டவற்றிலும் குறை இருந்தது. ஐயுற்றவர் அனைவரையும் அறியாதார் என்று ஒரே கூடையில் போட்ட குறை அது. விளக்கம் தருவது வேறு, இசைவு பெறுவது வேறு. தும்பாவில் மீனவ மக்கள் தம் தேவாலயத்தையே விட்டுக்கொடுத்தனர். அது முதலில் ஏவுதளத்தின் அலுவலகமாயிற்று, இன்று விண்வெளி அருங்காட்சியகமாக நிற்கிறது. கேட்ட முறையில் கேட்டபோது கொடுத்தார்கள் என்பதற்கு அது சான்று. புரோகிதன் சொன்னான் என்பதற்காக நம்பாதே என்று மக்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அறிஞன் சொன்னான் என்பதற்காக நம்பு என்று கட்டளையிடுவது பகுத்தறிவு ஆகாது. கேள் என்பதுதான் பகுத்தறிவு. கேட்ட கேள்வி தவறானால் விடை சொல், சரியானால் வழியை மாற்று.

இந்த இரு எழுத்துக்களுக்கும் நடுவே ஓர் இடம் வெறுமையாய்க் கிடக்கிறது. நியூட்ரினோ ஒன்றும் செய்யாது, வெடிமருந்து செய்யும் என்று ஒரே மூச்சில் இரு உண்மைகளையும் சொல்லும் கதை அங்கே வரவேண்டும். ஞாயிற்றின் நடுவே பிறந்த துகள், எட்டு நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் இங்கு வந்து, மலையையும் அதன் கீழ் ஆடு மேய்ப்பவனையும் வேறுபாடின்றி ஊடுருவிப் போகிறது. அத்துகளுக்குச் சாதி தெரியாது, வேலி தெரியாது, பட்டா தெரியாது. மனிதன் வகுத்த தடையெதையும் மதியாத அதை வைத்து, மனிதன் வகுத்த தடைகளையெல்லாம் கேள்வி கேட்கும் நாடகம் ஒன்று எழுதலாமே! ஆய்வறிக்கையும் துண்டு வெளியீடும் செய்ய முடியாத பணி அது. கலை ஒன்றே செய்ய முடியும்.

அழகும் உண்மையும்

வானியலறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. ஞாயிற்றைப்போல் 1.4 மடங்கு எடைக்கு மேற்பட்ட வெண்குறுமீன் நிலைத்து நிற்க முடியாது என்ற கணக்கை, இளம் மாணவனாக 1930இல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலிலேயே போட்டுப் பார்த்தவர். அக்கணக்கு ஏளனத்தைச் சந்தித்தது. பின்னர் 1983இல் நோபல் பரிசு வந்தது. அவர் எழுதிய நூல்களுள் ஒன்றின் பெயரே உண்மையையும் அழகையும் இணைத்து நிற்கிறது. சேக்சுபியரையும் நியூட்டனையும் பீத்தோவனையும் ஒரே மேடையில் வைத்துப் பேசியவர் அவர். அழகு உண்மைக்குப் பகையன்று என்பதற்கு விண்மீனை அளந்தவரே சாட்சி.

ஆகவே நம் எழுத்தாளர்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள் பெரிதன்று. நிலவைப் பாடவேண்டாம் என்று சொல்லவில்லை. பாடுங்கள். ஆனால் நாமக்கல் பாறையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பாடுங்கள். விடிவெள்ளியை எழுதுங்கள், அதனடியில் ஜீப்பில் போகும் பெண்ணோடு சேர்த்து எழுதுங்கள். விண்வெளிப் படம் எடுங்கள், ரங்கசாமியை மறவாமல் எடுங்கள். வானம் அச்சமாகவும் வேண்டாம், வெறும் அலங்காரமாகவும் வேண்டாம், அறிவாகவும் அறமாகவும் இருக்கட்டும்.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். போடியிலும் தேவாரத்திலும் சின்னமனூரிலும் படிப்பகம் வைத்திருக்கும் தோழர்கள், ஒரு தொலைநோக்கியை வாங்கித் தெருமுனையில் வையுங்கள். மலையிலிருந்து வேலை முடிந்து இறங்கிவரும் பெண்களை அழைத்து, வியாழனின் நான்கு நிலவுகளைக் காட்டுங்கள். கலீலியோ 1610இல் கண்டவை அவை. அவற்றைக் கண்ட பிறகுதான், எல்லாம் நம்மையே சுற்றுகின்றன என்ற செருக்கு உலகில் ஆட்டம் கண்டது. தரையைப் பார்த்தே வேலைசெய்து பழகிய கண் அன்றொரு நாள் நிமிர்ந்து பார்க்கட்டும். நிமிர்ந்த தலை அவ்வளவு எளிதில் மீண்டும் குனிவதில்லை. கூலி எவ்வளவு, ஜீப்பில் எத்தனை பேர், மலைநீர் யாருக்கு என்ற கேள்விகளும் அந்தத் தலையிலிருந்துதான் பிறக்கும்.